காலியாக விட்ட இரண்டு வரிகள்

பதினொரு ஆண்டுகள் நான் நம் கல்லூரி வணிகவியல் துறையின் அகமதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அந்தப் பதினொரு ஆண்டுகளின் அசைன்மென்ட் பதிவேடுகளில், தாமதமாக ஒப்படைத்த மாணவர் என்று ஒருவர் பெயர்கூட இராது. தரமதிப்பீட்டுக் குழுவினர் வந்தபோது அந்தப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி வைத்து இதைப் பெருமையாகச் சொன்னார்கள். என் பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தும்போதும் சொன்னார்கள். அது உண்மையன்று.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அனுபவத்திலிருந்து ஏதேனும் எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். பாடம் நடத்துவது, வினாத்தாள் அமைப்பது, இணையதளத்தில் மதிப்பெண் ஏற்றுவது ஆகியவற்றை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். எழுதத் தகுந்ததாக எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான். ஊக்கமூட்டும் கட்டுரையை எதிர்பார்த்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் எங்கள் துறை வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அசைன்மென்ட் ஒப்படைக்கும் மாணவர் பதிவேட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுவார். கடைசித் தேதியன்று மாலை அந்தப் பட்டியலின் அடியில் சிவப்புக் கோடு இழுத்து ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட வேண்டும். கோட்டுக்குக் கீழே வரும் பெயர்கள் தாமதமானவை. அவற்றுக்கு மதிப்பெண் குறையும். நாங்கள் என்ன செய்வோம் என்றால், கோட்டுக்கு மேலே இரண்டு வரிகளைக் காலியாக விட்டுவிடுவோம். நியாயமான காரணத்தோடு பிந்தி வருபவர் அந்த வரியில் கடைசித் தேதியையே போட்டுக் கையெழுத்திடுவார். எனக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் இதை எனக்குச் சொல்லும்போது, "கோட்டுக்குக் கீழ ஒரு பேர் விழுந்தா அது பையனுக்கு மட்டும் அசிங்கம் இல்லய்யா, நமக்குந்தான்" என்றார். தணிக்கைப் பாடத்தை இருபது ஆண்டுகள் நடத்தியவன் நான். முன்தேதியிடுவது என்ன குற்றம் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அதே கையால்தான் அந்த இரண்டு வரிகளையும் விட்டு வைத்தேன். அதற்குக் கருணை என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கால அவகாசம் கேட்க உரிமை உண்டு. அதற்கென்று ஒரு பக்கப் படிவம் உண்டு. படிவம் டீன் தலைமையிலான குழுவுக்குப் போகும். நகல் மாணவரின் கோப்பில் சேரும். எங்கள் துறையிலிருந்து அப்படி ஒரு படிவம்கூடப் போனதில்லை. மாணவர்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அதனால்தான் தேவைப்படவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். படிவம் கேட்டு வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி கலைச்செல்வி. எங்கள் நகரின் மர்பி டவுன் பகுதியிலிருந்து வருபவள். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். பன்னிரண்டு வயதிலிருந்தே அவளுக்கு முடக்குவாதம். சில வாரங்கள் ஒன்றுமே தெரியாது. எல்லாப் பிள்ளைகளையும்போல் படியேறி வருவாள். நோய் தீவிரமாகும் வாரங்களில் விரல் கணுக்கள் வீங்கிப் பேனாவைப் பிடிக்க முடியாது. எங்கள் துறையிலோ, இணையத்திலிருந்து அப்படியே நகலெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால், அசைன்மென்ட் முழுவதையும் கையால் எழுதித்தான் தரவேண்டும் என்ற கட்டாயம்.

முதல் செமஸ்டரில், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக என் அறை வாசலில் வந்து நின்றாள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள், பேருந்துப் பாஸ் போல.

"சார், டைம் கேக்கறதுக்கு ஒரு ஃபார்ம் இருக்குதாமே. குடுத்தீங்கன்னா ஃபில்லப் பண்ணிடுவேன்."

"எதுக்கும்மா ஃபார்ம் எல்லாம்? உனக்கு எத்தனை நாள் வேணும்?"

"அஞ்சு நாள் போதும் சார். ஃபார்ம்ல பத்து நாள் வரைக்கும் கேக்கலாம்னு போட்டிருக்காங்க. நான் அஞ்சுதான் கேக்கறேன், பேராசை இல்ல."

"ஃபார்ம் குடுத்தா டீன் கிட்ட போகும், கமிட்டி கூடும், உன் வியாதி ஊருக்கே தெரியும். நான் ஒரு லைன் விட்டு வைக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை வந்து சைன் பண்ணிடு."

"வியாதி ஏற்கெனவே ஊருக்குத் தெரியும் சார். பஸ்ல கண்டக்டருக்கே தெரியும்."

அந்தத் துடுக்கை நான் ரசிக்கவில்லை. துறை எழுத்தர் மஞ்சுளா பக்கத்து மேசையில் இருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். "ஃபார்ம் தகொளி சார்," என்றார் மெல்ல. படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். "பேப்பர்ல இருந்தா அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு உதவும்."

"நம்ம டிபார்ட்மென்ட்ல அந்த வழக்கம் இல்லம்மா," என்று நான் சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது.

திங்களன்று வந்து, காலி வரியில் ஐந்து நாள் முந்தைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். இப்படியே ஐந்து செமஸ்டர்கள் சென்றன. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் என் அறை வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது. உள்ளே வேறு ஆசிரியர்கள் இருந்தால் அவர்கள் போகும்வரை வெளியே நிற்பாள். படிவத்தில் ஒரு முறை கேட்டுவிட்டுத் தலைநிமிர்ந்து போயிருக்க வேண்டியதை, ஒவ்வொரு தடவையும் என்னிடம் கையேந்தி வாங்கிப் போனாள். அந்த நன்றி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆறாவது செமஸ்டரில் இறுதித் திட்ட அறிக்கை. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார் என்பதால் அதற்குப் பதிவேட்டில் வரி விட்டு வைக்க வழியில்லை. அவகாசம் வேண்டுமானால் குழுவிடம்தான் கேட்க வேண்டும்; அதற்குப் பத்து நாள் வரம்பு இல்லை. அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு மருந்தை மாற்றினார்கள். பழைய மருந்து நின்று புதியது பிடிப்பதற்குள் இரண்டு கைகளும் வீங்கிவிட்டன. ஆறு வாரம் அவகாசம் கேட்டு விண்ணப்பித்தாள். வளாக நேர்காணலில் ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூலைக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆறு வாரம் கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் ஓராண்டு வீண்.

குழுவில் டீனும் வேறு துறைப் பேராசிரியர் இருவரும். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் பதிவேடுகளோடு அமர்ந்திருந்தேன். கலைச்செல்வி எதிரே நின்றாள். ஆங்கிலமும் கன்னடமும் கலந்து நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

டீன் கெட்டவர் அல்லர். கடைசி நேரத்தில் மருத்துவச் சான்றிதழோடு வரும் மாணவர்கள் பலரைப் பார்த்துச் சலித்தவர். பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஐந்து செமஸ்டரில் ஒரு நாள்கூட நீ தாமதம் செய்ததில்லை. ஒரு முறைகூட அவகாசம் கேட்டதாகப் படிவம் இல்லை. இப்போது மட்டும் ஆறு வாரமா?"

"கேட்டிருக்கிறேன் மேடம். நிறைய முறை. அதில் இருக்கும் தேதிகள் உண்மையான தேதிகள் இல்லை. சார் எனக்காக வரி விட்டு வைப்பார். நான் பிறகு வந்து கையெழுத்துப் போடுவேன்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணத்தில் பேசவில்லை. நான் உதவியதைச் சொல்வதாகவே நினைத்திருந்தாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பி இலேசாகச் சிரித்தாள். நான் ஆமோதிப்பேன் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

டீன் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இது உண்மையா?"

அழுத்தமான நேரத்தில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்குப் பயிலரங்குகள் நடத்துவார்கள். எனக்கு அன்று கிடைத்த நேரத்தை மட்டும் சொல்கிறேன். மின்விசிறி இரண்டு சுற்று சுற்றும் நேரம். அதற்குள் எனக்குப் பல வழிகள் தோன்றின. ஆம் என்று சொல்லலாம். ஓரிரு முறை அப்படி நடந்திருக்கலாம் என்று மழுப்பலாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருவதும் நினைவுக்கு வந்தது. பக்கத்துத் துறைப் பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. மாநில அரசுப் பணியில் ஒரு குற்றக் குறிப்பாணைகூட வாங்காத தந்தையின் மகன் நான். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டைக் கேட்டால் தெருவில் எவரும் காட்டுவார்கள். இவையெல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண்ணின் ஜூலை மாதம் மட்டும் வரவில்லை.

"பதிவேட்டில் உள்ள தேதிகள் சரியானவை," என்றேன்.

கலைச்செல்வியின் முகத்தில் சிரிப்பு உடனே மறையவில்லை. நான் சொன்னது அவளுக்கு விளங்கவே சிறிது நேரம் பிடித்தது. பிறகு என்னைப் பார்க்காமல், மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்படியானால் சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அத்தோடு முடியவில்லை. அவகாசம் பெறுவதற்காகப் பேராசிரியர் மீது பொய்க் குற்றம் சாட்டியதற்கு அவள் மன்னிப்புக் கடிதம் தரவேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை என்று டீன் எழுதினார். அந்தக் குறிப்பின் கீழே, பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக, நானும் கையெழுத்திட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை தாயும் மகளும் மெட்ரோ பிடித்து மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். தாயின் கையில் ஆப்பிள் பை. கதவைத் திறந்ததும் அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்து, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். இதுக்கு வாய் ஜாஸ்தி. நோவுல என்னா பேசறோம்னு தெரியாம பேசிட்சு. எனக்கே பேஜாரா பூட்ச்சு."

"பரவாயில்லை, உக்காருங்க."

"இருக்கட்டும் சார். மூணு வருசமா இதுக்கு எவ்ளோ பண்ணியிருக்கீங்க! ஊட்ல வந்து சொல்லும், எங்க சார் தங்கம்னு. இப்பப் பாத்தா உங்க மேலயே பழி போட்டுட்டு வந்து நிக்குது. ஏய், சாருக்கு ஸாரி சொல்லுடி."

"லெட்டர்ல எழுதச் சொல்லி இருக்காங்கம்மா. ஒரு தப்புக்கு ரெண்டு ஸாரியா?" என்றாள் மகள். அவள் இரு கைகளும் துப்பட்டாவுக்குள் இருந்தன.

தாய் அடிக்கக் கையை ஓங்கினார். மகளின் வீங்கிய மணிக்கட்டு நினைவுக்கு வந்தது போலும். ஓங்கிய கையைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டார். "திமிரு சார், திமிரு. ஏண்டி, சார் மாதிரி பெரியவங்க பொய் சொல்லுவாங்களா?"

கலைச்செல்வி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க சார். அம்மா கேக்கறாங்க இல்ல."

அங்கே டீன் இல்லை, குழு இல்லை, பதிவேடும் இல்லை. என் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவர் மட்டுமே. குழுவில் நான் சொன்னதற்குப் பதற்றம் காரணம் என்று எவரும் வாதிடலாம். இந்த இடத்தில் அந்த வாதமும் நிற்காது. எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது.

"காபி சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். ஆப்பிள் பையை மேசைமேல் வைத்தார். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மன்னிப்புக் கடிதத்தைக் கையால் எழுதித்தான் தரவேண்டும், தட்டச்சு செய்தால் அதில் மனம் இருக்காது என்று டீன் சொல்லிவிட்டார். குறித்த நாளில் அவளால் முடிக்க இயலவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். மஞ்சுளா என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் இழுப்பறையிலிருந்து அந்த ஒரு பக்கப் படிவத்தை எடுத்து நிரப்பி, அவளிடம் கையெழுத்து வாங்கி, டீனுக்கு அனுப்பினார். உடனே ஒப்புதல் வந்தது. மூன்று ஆண்டுப் படிப்பில் கலைச்செல்விக்கு இந்தக் கல்லூரி முறையாகத் தந்த ஒரே அவகாச நீட்டிப்பு, நான் சொன்ன பொய்க்கு அவள் மன்னிப்புக் கேட்பதற்காகத் தந்தது.

கடிதத்தைக் கோப்பில் சேர்க்கும்முன் மஞ்சுளா அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒரே பக்கம். எழுத்துகள் தொடக்கத்தில் சிறியவை. போகப் போகப் பெரிதாகி, கடைசி நான்கு வரிகள் முதல் வகுப்புக் குழந்தை எழுதியவை போல் இருந்தன. "பேராசிரியர் மீது உண்மைக்குப் புறம்பாகக் கூறியமைக்கு வருந்துகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"நானும் அஞ்சு செமஸ்டர் அந்த ரெஜிஸ்டர பீரோல பூட்டி வச்சவதான். எனக்கும் தெரியும், என்னை யாரும் கேக்கல. உங்கள கேட்டாங்க." கடிதத்தை எடுத்துக் கோப்பில் வைத்தார். "எனக்கு லைப்ரரிக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுக் குடுங்க சார்."

போட்டுக் கொடுத்தேன்.

கலைச்செல்வி மறு ஆண்டு திட்ட அறிக்கையைத் தந்து பட்டம் பெற்றாள். அந்த வேலை காத்திருக்கவில்லை. நான் அதற்கடுத்த ஆண்டு ஓய்வுபெற்றேன். பணி நிறைவு ஆணை கைக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இனி எவரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்றான பிறகுதான், நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி, அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கோப்பிலிருந்து நீக்கக் கோரி, புதிய முதல்வரிடம் நேரில் கொண்டுபோனேன். அவர் என் பழைய மாணவர். எழுந்து நின்று வரவேற்றார். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணும் டிகிரி வாங்கிட்டுப் போயாச்சு. இப்ப எதுக்கு சார் இது? உங்க பேரும் கெடும், காலேஜ் பேரும் கெடும்."

நான் குழுவில் அமர்ந்து எண்ணியதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான் வேற்றுமை. தாள்களை மடித்து என் சட்டைப் பையிலேயே மரியாதையோடு வைத்து அனுப்பினார்.

மஞ்சுளாவிடம் எண் வாங்கிக் கலைச்செல்வியை அழைத்தேன். நகரின் எல்லையில் சந்தாபுராவில் குடியிருக்கிறாள், அருகிலேயே ஓர் அலுவலகத்தில் வேலை. நான் யாரென்று சொன்னேன்.

"சொல்லுங்க சார். என்ன விஷயம்?"

நடந்ததைச் சொன்னேன். முதல்வர் மறுத்துவிட்டதையும், அவளுடைய கடிதத்தை எப்படியாவது கோப்பிலிருந்து எடுக்கவைத்துவிடுகிறேன் என்பதையும் சொன்னேன்.

"எடுக்க வேணாம் சார்."

"ஏம்மா?"

"அத எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. அது அங்கயே இருக்கட்டும். நீங்க எழுதினீங்களே, அத அதுக்குப் பக்கத்துல வையுங்க. பாக்கறவங்க ரெண்டையும் பாக்கட்டும்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வேற ஒண்ணும் இல்லையே சார்? மீட்டிங் இருக்குது."

மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் அழைத்திருந்தேன். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைக்க எனக்குத் துணிவில்லை.

இளைய நண்பர்களே, படிவம் கேட்டு வரும் மாணவருக்குப் படிவத்தைக் கொடுங்கள். வந்த தேதியைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவகாசம் உங்கள் சொத்து அன்று, எடுத்து வழங்குவதற்கு. தாளில் எழுதாமல் நீங்கள் செய்யும் நன்மை, நீங்கள் துணிவோடு இருக்கும் நாள்வரைதான் அவர்களுக்கு உதவும். துணிவு எனக்கு எத்தனை நாள் இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

என் இரண்டு பக்கங்களை இதுவரை மூன்று முறை கல்லூரி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். தபால் பிரிவில், முதல்வர் சொல்லாமல் வாங்க முடியாது என்கிறார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. ஆகவே அந்தக் கோப்பில் இன்றுவரை அவளுடைய கடிதம் மட்டுமே இருக்கிறது. உங்களில் எவரேனும் அதைத் திறந்து பார்த்தால், நான் உண்மை பேசியவன் என்றும் அவள் பொய் சொன்னவள் என்றும்தான் தெரிந்துகொள்வீர்கள்.